ட்ரெட்மில் நார்மல், எல்.டி.எல். கொலஸ்ட்ரால் 230: பரம்பரைக் கொழுப்பு உள்ளவர்கள் எந்த இதயப் பரிசோதனையை நம்பலாம்?

முழு உடல் பரிசோதனைக்குப் போய்வந்தவர்களின் கையில் ஒரு கோப்பு இருக்கும். இ.சி.ஜி. நார்மல், எக்கோ நார்மல், ட்ரெட்மில் நார்மல் என்று மூன்று தாள்கள். நான்காவது தாளில், 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் 230 என்று அச்சாகியிருக்கும். பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. முதல் மூன்றையும் பார்த்து நிம்மதியடைந்து, நான்காவதை 'இனி எண்ணெயைக் குறைக்க வேண்டும்' என்ற தீர்மானத்தோடு மூடிவைத்துவிடுகிறோம். அந்தக் கோப்பில் உண்மையைப் பேசும் தாள் நான்காவதுதான் என்பது என் கட்சி. மற்ற மூன்றும் பொய் சொல்லவில்லை. நாம் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கின்றன.

பிறவியிலேயே எல்.டி.எல். எகிறி நிற்கும் நிலைக்குக் குடும்பவழி உயர் கொலஸ்ட்ரால் என்று பெயர். கல்லீரல் செல்களின் மேற்பரப்பில், ரத்தத்தில் மிதக்கும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் இந்த ஏற்பியைக் கண்டறிந்து 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்களுக்கு வழிகாட்டியது, இந்த நோய் கடுமையாகப் பாதித்தவர்களின் தோலிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதான மரபணு வந்தாலே வேலை செய்யும் ஏற்பிகள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். இது அபூர்வ நோயும் அல்ல. சுமார் 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் இருக்கிறது. ஒரு பெரிய கல்யாண மண்டபம் நிறைந்தால் அதில் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள், பெரும்பாலும் தங்களுக்கே தெரியாமல்.

உணவுக் கட்டுப்பாடு 230-ஐ 210 ஆக்கலாம், 70 ஆக்காது. இன்னொன்று, இவர்களின் ரத்தக்குழாய்கள் கொழுப்பைச் சந்திக்கத் தொடங்கியது நாற்பது வயதில் அல்ல, பிறந்த அன்று. எளிய பெருக்கல் கணக்கு போதும். எல்.டி.எல். 125 உள்ளவர் நாற்பது வயதில் சுமக்கும் மொத்தப் பாரத்தை, 250 உள்ளவர் இருபது வயதிலேயே சுமந்துவிடுகிறார். சிகிச்சை இல்லாமல் விட்டால் இத்தகைய ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள்ளும், பெண்களில் சுமார் 30 சதவீதத்தினருக்கு 60 வயதுக்குள்ளும் இதய ரத்தக்குழாய் நோய் வெளிப்பட்டுவிடுகிறது.

ஆகவே, எந்த அறிகுறியும் இல்லாத 35 வயதுக்காரர் ஒருவர் 'என் இதயத்தில் ஏற்கெனவே ஏதாவது நடந்துவிட்டதா?' என்று கேட்பது வீண் பயமல்ல. அதற்கு எந்தப் பரிசோதனை என்பதில்தான் குழப்பம்.

ஸ்கேனுக்கு முன்னால் ஒரு வார்த்தை. மாத்திரை தொடங்குவதற்கு ஸ்கேன் முடிவு தேவையில்லை. எல்.டி.எல். 190-ஐத் தாண்டியவருக்கு, வயது, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாம் போட்டு 'பத்தாண்டு ஆபத்து' பார்க்கும் கணக்குகள் பொருந்தாது என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் வெளிப்படையாகவே சொல்கின்றன. அந்தக் கணக்குகள் ஆபத்தைக் குறைத்தே காட்டும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மாத்திரையை, வீரியமான அளவில், முதல் நாளே தொடங்க வேண்டும். 'ஸ்கேன் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்' என்று ஆறு மாதம் தள்ளிப்போடுகிறவர்கள் பரிசோதனையைச் சாக்காக்குகிறார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் ஸ்கேன் எதற்கு? எவ்வளவு இறக்க வேண்டும் என்பதற்கு. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல்படி, இந்தப் பிறவிக் கோளாறு உள்ளவருக்கு ரத்தக்குழாய் நோயோ வேறு பெரிய ஆபத்துக் காரணியோ இல்லையென்றால் எல்.டி.எல். 70-க்குக் கீழே வர வேண்டும். நோய் இருந்தால் 55-க்குக் கீழே. ஸ்டாடின் தனியாக நின்றால் பாதியளவு குறைக்கும். எஸெட்டிமைப் என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்த்தால் மிச்சத்தில் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். 230 இருந்தவருக்கு இதற்குப் பிறகும் 90-க்கு மேல்தான் நிற்கும். அதற்கு அடுத்த படி எவோலோகுமாப், அலிரோகுமாப், இன்கிளிசிரான் போன்ற ஊசிகள். இவை நம் ஊர்ச் சம்பளத்துக்குக் கனமான செலவு. அந்தச் செலவை இப்போதே செய்வதா, பொறுத்திருக்கலாமா என்ற இடத்தில்தான் ரத்தக்குழாயின் உண்மை நிலை தெரிவது முடிவை மாற்றும்.

ஓட்டத்தை அளக்கும் சோதனைகள்

ட்ரெட்மில் சோதனையைத்தான் நம்மவர்கள் அதிகம் நம்புகிறார்கள். மூச்சிரைக்க ஓடி முடித்ததும் ஏதோ தேர்வில் தேறிவிட்ட திருப்தி. ஆனால் அது அளப்பது ஒன்றே ஒன்று: கடும் உழைப்பின்போது இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் போகிறதா என்பதை. அப்படிப் போதாமல் போக, குழாய் ஏறத்தாழ 70 சதவீதம் அடைபட்டிருக்க வேண்டும். அதற்குக் கீழே 30, 40, 50 சதவீதப் படிவுகள் எத்தனை இருந்தாலும் இ.சி.ஜி. கோடு பெரும்பாலும் அசையாது.

இதற்கு உடற்கூறு சார்ந்த காரணம் உண்டு. சிகாகோவைச் சேர்ந்த நோய்க்கூறியல் நிபுணர் சீமோர் கிளாகோவ் 1987-இல் காட்டியது இது: சுவருக்குள் கொழுப்பு சேரத் தொடங்கும்போது குழாய் உள்நோக்கிக் குறுகுவதில்லை, வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது. படிவு குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பிறகுதான் ரத்தம் ஓடும் வழி குறுகத் தொடங்குகிறது. சுவர் நிறையக் கொழுப்பு இருந்தும் ஓட்டம் சீராகவே இருக்கும் காலம் ஆண்டுக்கணக்கில் நீளலாம். மாரடைப்பு வருவதோ பெரும்பாலும் குழாயை முழுதாக அடைத்த பழைய படிவால் அல்ல. மெல்லிய மூடியோடு இருக்கும் நடுத்தரப் படிவு ஒன்று கிழிந்து, அங்கே ரத்தம் உறைவதால். காலையில் ட்ரெட்மில்லில் தேறியவருக்கு அடுத்த மாதம் மாரடைப்பு வந்தால், 'எல்லாம் நார்மல் என்றார்களே' என்று குடும்பம் அதிர்ந்துபோவதற்கு இதுதான் விளக்கம். சோதனை பிழைக்கவில்லை. அதன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நோய் இருந்தது.

மறுபக்கமும் உண்டு. குறிப்பாகப் பெண்களிடம் ட்ரெட்மில் பொய்யாக 'பாசிட்டிவ்' காட்டுவது சகஜம். அதைத் தொடர்ந்து தேவையில்லாத ஆஞ்சியோகிராம். தாலியம் ஸ்கேன் என்று நம் ஊரில் பழைய பெயரிலேயே வழங்கும் அணுக்கதிர் ஸ்கேன், அழுத்த எக்கோ ஆகியவை ட்ரெட்மில்லைவிடத் துல்லியமானவை. ஆனாலும் அவையும் இதே சாதிதான், ஓட்டத்தையே பார்க்கின்றன. நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பவருக்கு இவை பொருத்தமானவை. இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென மாரத்தான் ஓடப்போகிறவருக்கும் மருத்துவர் எழுதிக்கொடுக்கலாம். அறிகுறியே இல்லாத பரம்பரைக் கொழுப்புக்காரருக்கு முதல் பரிசோதனையாக இவற்றை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

சுவரைப் பார்க்கும் சோதனைகள்

உண்மையான போட்டி இங்கேதான்: கால்சியம் ஸ்கோரா, சி.டி. ஆஞ்சியோகிராமா?

கால்சியம் ஸ்கோர் எளிமையானது. ஊசி இல்லை, சாய மருந்து இல்லை, சில நிமிட வேலை. கதிர்வீச்சு ஏறத்தாழ ஒரு மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்தே ஓராண்டில் நம் உடல் வாங்குவதைவிடக் குறைவு. இதய ரத்தக்குழாய்களில் சுண்ணாம்பாக இறுகிவிட்ட படிவுகளைக் கூட்டி ஓர் எண்ணாகத் தருகிறது. 1990-இல் ஆர்தர் அகாட்ஸ்டன் குழுவினர் வகுத்த முறை என்பதால் அவர் பெயரிலேயே அகாட்ஸ்டன் ஸ்கோர் என்கிறார்கள். பூஜ்யம் என்றால் சுண்ணாம்பு இல்லை. 100-ஐத் தாண்டினால் கவலைக்குரியது. 400-ஐத் தாண்டினால் படிவு ஏராளம்.

இதன் பலவீனமும் இந்த எளிமையிலேயே இருக்கிறது. சுண்ணாம்பு என்பது படிவின் முதுமை. இளைய படிவு மென்மையான கொழுப்பாகவும் அழற்சியாகவும் இருக்கும். கால்சியம் ஸ்கேனுக்கு அது கண்ணில் படாது. ஆகவே 58 வயதுக்காரருக்கு வரும் பூஜ்யமும் 32 வயதுக்காரருக்கு வரும் பூஜ்யமும் ஒன்றல்ல. முதலாமவருக்கு அது நல்ல செய்தி. இரண்டாமவருக்கு 'இன்னும் இறுகவில்லை' என்பதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்டாடின் எடுத்துவரும் பரம்பரைக் கொழுப்புக்காரர்களைப் பின்தொடர்ந்து பிரேசிலில் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. அதில் ஸ்கோர் பூஜ்யமாக இருந்தவர்களுக்குச் சில ஆண்டுகள்வரை மாரடைப்பு போன்ற எதுவும் நேரவில்லை. ஆறுதலான முடிவுதான். ஆனால் அவர்கள் மருந்தில் இருந்தவர்கள் என்பதை மறந்துவிட்டு, 'பூஜ்யம் வந்துவிட்டது, மாத்திரையை நிறுத்திவிடலாம்' என்று அதைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். சாதாரண மக்களில் சிலருக்குப் பூஜ்யத்தைக் காரணமாக வைத்து ஸ்டாடினைத் தள்ளிப்போட வழிகாட்டுதல்கள் இடம் கொடுக்கின்றன. 190-ஐத் தாண்டியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

இன்னொரு சிக்கல்: ஸ்டாடின் மென்மையான படிவை இறுகவைத்து நிலைப்படுத்தும் மருந்து. எனவே சிகிச்சை நன்றாக வேலை செய்யும்போதும் கால்சியம் ஸ்கோர் ஏறலாம். 'இரண்டு வருடம் மாத்திரை சாப்பிட்டும் 40 இருந்தது 65 ஆகிவிட்டது' என்று மருந்தின் மேல் கோபித்துக்கொள்பவர்களுக்கு யாரும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க எல்.டி.எல். இரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதற்குக் கால்சியம் ஸ்கோரை வருடாவருடம் எடுப்பது பண விரயம்.

சி.டி. ஆஞ்சியோகிராம் அடுத்த படி. கை நரம்பில் அயோடின் கலந்த சாயம் ஏற்றிக் குழாய்களின் உள்வழியையும் சுவரையும் படம் பிடிக்கிறது. மென்மையான படிவும் தெரியும், அடைப்பின் அளவும் தெரியும், எந்தக் கிளையில் என்பதும் தெரியும். மரபணுச் சோதனையில் உறுதியான, அறிகுறி ஏதுமில்லாத நோயாளிகளிடம் ஸ்பெயினின் 'சேஃப்ஹார்ட்' பதிவேட்டுக் குழு சி.டி. ஆஞ்சியோகிராம் செய்து, கணிசமானவர்களிடம் படிவுகள் இருப்பதைக் கண்டது. முப்பதுகளிலும் நாற்பதுகளின் தொடக்கத்திலும் இருக்கும் ஒருவரைப் பற்றி இதைவிட நேர்மையாகப் பதில் சொல்லும் பரிசோதனை இல்லை.

விலையும் உண்டு, ரூபாயில் மட்டுமல்ல. இதயத்துடிப்பு நிமிடத்துக்கு அறுபது அளவில் இருந்தால்தான் படம் தெளிவாக வரும் என்பதால் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை கொடுப்பார்கள். நாக்கின் அடியில், குழாயை விரிக்கும் நைட்ரேட் மருந்தை வைப்பார்கள். தலை சற்று இடிக்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்க்காமல் சாயம் ஏற்றக் கூடாது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவரும், முன்பு சாயத்துக்கு ஒவ்வாமை வந்தவரும் அதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். கதிர்வீச்சு இயந்திரத்தைப் பொறுத்தது. புதியவற்றில் கால்சியம் ஸ்கோரைப் போல் சில மடங்கு, பழையவற்றில் இன்னும் அதிகம். கருவுற்றவருக்குக் கிடையாது. சுண்ணாம்பு ஏராளமாக இருந்தால் அது படத்தில் பொங்கித் தெரிந்து அடைப்பை மிகைப்படுத்தும்; ஆகவே 60 வயதில் ஸ்கோர் 900 இருப்பவருக்கு சி.டி. ஆஞ்சியோகிராம் அவ்வளவு உதவாது.

இதன் ஆதரவாளர்கள் ஸ்காட்லாந்தின் 'ஸ்காட்ஹார்ட்' ஆய்வை மேற்கோள் காட்டுவார்கள். வழக்கமான சிகிச்சையோடு சி.டி. ஆஞ்சியோகிராமும் செய்யப்பட்டவர்களில் ஐந்தாண்டில் இதயநோய் மரணமோ மாரடைப்போ கண்டவர்கள் 2.3 சதவீதம், அது செய்யப்படாதவர்களில் 3.9 சதவீதம். 2018-இல் வந்த முடிவு. படத்தைப் பார்த்த பிறகு தடுப்பு மருந்துகள் சரியாக எழுதப்பட்டதுதான் காரணம் என்று கருதப்படுகிறது. நல்ல ஆய்வுதான், ஆனால் அதில் சேர்ந்தவர்கள் நெஞ்சுவலியோடு வந்தவர்கள். அறிகுறி இல்லாதவருக்கு அதே பலன் கிடைக்கும் என்று அதைக் காட்டி வாதாடுவது சரியல்ல.

கழுத்து ரத்தக்குழாய் அல்ட்ராசவுண்டும் இந்த வகைதான். கதிர்வீச்சு இல்லை, மலிவு. சுவரின் தடிமனை மில்லிமீட்டர் பின்னத்தில் அளப்பது செய்பவரின் கையைப் பொறுத்து மாறுவதால் அந்த எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். படிவு இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் பயனுள்ள தகவல். குழந்தைகளுக்கும் கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்களுக்கும் ஏற்றது.

தசையைப் பார்ப்பவை

எக்கோவில் 'ஈ.எஃப். 60 சதவீதம்' என்று வந்தால் பம்பு நன்றாக இயங்குகிறது என்று பொருள். குழாய்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஏற்கெனவே சத்தமில்லாமல் ஒரு சிறு மாரடைப்பு வந்துபோயிருந்தால் அந்தத் தழும்பைக் காட்டுவதில் முதலிடம் இதய எம்.ஆர்.ஐ.க்குத்தான். ஐஸ்லாந்தில் 67 வயதைக் கடந்த 936 பேரிடம் நடத்திய ஆய்வில், தங்களுக்கே தெரியாத மாரடைப்புத் தழும்பு 17 சதவீதத்தினரிடம் எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது, இ.சி.ஜி. காட்டியதோ 5 சதவீதம்தான். அவர்கள் முதியவர்கள், பரம்பரைக் கொழுப்புக்காரர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் அல்லர். ஆனாலும் இ.சி.ஜி.யின் 'நார்மல்' எவ்வளவு தாராளமானது என்பது தெரிகிறது. இ.சி.ஜி.யில் பழைய தழும்பின் சந்தேகம், எக்கோவில் ஒரு பகுதிச் சுவர் சரியாக அசையவில்லை போன்ற தடயம் இருந்தால் எம்.ஆர்.ஐ. கேட்கலாம். தடயம் எதுவுமில்லாத இளைஞருக்கு இது அதிகப்படி. இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் உயர் உணர்திறன் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைத் தடுப்பு நோக்கில் எடுப்பதற்கும் இதே பதில்தான்.

யாருக்கு எது

வயது 38, ஆண், இதுவரை மருந்தே எடுக்காதவர், எல்.டி.எல். 240, அப்பாவுக்கு 46 வயதில் மாரடைப்பு என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை இன்றே. கூடவே, எல்.டி.எல். போன்ற இன்னொரு கொழுப்புத் துகளை அளக்கும் எல்.பி.(ஏ) என்ற ரத்தப் பரிசோதனை. இதுவும் பரம்பரையாக வருவது, ஆயுளில் ஒரு முறை எடுத்தால் பெரும்பாலும் போதும், டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது. ஆனாலும் நம் பரிசோதனைத் தொகுப்புகள் பலவற்றில் இடம்பெறுவதில்லை. பிறகு, இவருக்கு நான் சி.டி. ஆஞ்சியோகிராமுக்கே வாக்களிப்பேன். கால்சியம் பூஜ்யம் வந்தாலும் இவருடைய கேள்வி அப்படியே நிற்கும் என்பதால் இரண்டு செலவுக்குப் பதில் ஒன்று.

வயது 55, பெண், பதினைந்து வருடமாக ஸ்டாடின், எல்.டி.எல். 105-இல் நிற்கிறது. இவருக்குக் கால்சியம் ஸ்கோர் போதும். பூஜ்யமோ ஒற்றை இலக்கமோ வந்தால் எஸெட்டிமைப் சேர்த்து நிதானமாகப் போகலாம். 300 வந்தால் ஊசி மருந்துக்கான பேச்சைத் தள்ளிப்போட முடியாது.

வயது 27, திருமணமாகி குழந்தைக்குத் திட்டமிடுபவர். சி.டி. வேண்டாம். எக்கோ, கழுத்து அல்ட்ராசவுண்ட், மருத்துவரோடு ஒரு விரிவான உரையாடல். கர்ப்ப காலத்தில் ஸ்டாடினைப் பெரும்பாலும் நிறுத்திவைப்பார்கள் என்பதால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் எவ்வளவு இறக்கிவைக்கிறோம் என்பது முக்கியம்.

இந்த வரிசையில் சேராத ஒரு கூட்டம் இருக்கிறது, நம் பக்கத்தில் அதைப் பேசியே ஆக வேண்டும். தாய்மாமன், அத்தை மகன் உறவில் திருமணம் நடக்கும் குடும்பங்களில் கணவன், மனைவி இருவரிடமும் ஒரே பழுதான மரபணு இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படியானால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, குழந்தைக்கு இரண்டு பிரதிகளும் வந்துவிடுவதற்கு. அந்தக் குழந்தைகளின் எல்.டி.எல். 400, 500-ஐயும் தாண்டும். பத்து வயதுக்குள்ளேயே முழங்கை, முழங்கால், விரலிடுக்குகளில் மஞ்சள் கட்டிகள் தோன்றும். மருவென்று நினைத்துத் தோல் மருத்துவரிடம் போய்த் திரும்பும் குழந்தைகள் இவர்கள். இவர்களுக்கு எக்கோ சம்பிரதாயப் பரிசோதனை அல்ல. கொழுப்பு பெருந்தமனியின் அடிப்பகுதியிலும் வால்விலும் படிவதால் ஆண்டுதோறும் அதைப் பார்க்க வேண்டும். இதய ரத்தக்குழாய்கள் கிளம்பும் வாயிலேயே அடைப்பு வரலாம் என்பதால் சி.டி. ஆஞ்சியோகிராமும் குறிப்பிட்ட இடைவெளியில் தேவைப்படும். இவர்களை வழக்கமான ட்ரெட்மில் சோதனையோடு அனுப்பிவிடக் கூடாது. பெரிய மருத்துவமனையின் குழந்தை இதயவியல் பிரிவுதான் இடம்.

படத்தில் ஏதாவது தெரிந்துவிட்டால்

சி.டி. ஆஞ்சியோகிராமில் 50 சதவீதம், 70 சதவீதம் என்று ஓர் எண் வந்ததும் வீட்டில் ஸ்டென்ட் பேச்சு எழும். சுமார் 5,200 பேரைச் சேர்த்து 2020-இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வு இங்கே நினைவில் இருக்க வேண்டியது. நோய் நிலையாக இருப்பவர்களுக்கு, ஓட்டச் சோதனையில் குறை தெரிந்தபோதும், உடனே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்வது மருந்துச் சிகிச்சையைவிட மரணத்தையும் மாரடைப்பையும் ஒட்டுமொத்தமாகக் குறைத்துவிடவில்லை. இரண்டு பெரிய கிளைகளாகப் பிரிவதற்கு முந்தைய இடது முதன்மைக் குழாயின் அடைப்பு, பம்பு பலவீனம், கட்டுக்கடங்காத வலி ஆகியவை விதிவிலக்குகள். மற்றபடி அறிகுறியற்ற ஒருவரின் படத்தில் தெரியும் படிவுக்கு முதல் பதில் எல்.டி.எல்.-ஐ 55-க்குக் கீழே கொண்டுபோவதுதான். ஆஞ்சியோகிராம் மேசையில் படுத்திருக்கும்போது 'ஒன்று வைத்துவிடலாமா?' என்று கேட்டால் எந்தக் குடும்பமும் வேண்டாமென்று சொல்லாது. அந்தக் கேள்வியை அதற்கு முன்பே கேட்டு முடித்துவிடுங்கள். ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சு வலிக்கிறது, வியர்க்கிறது என்றால் இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. நேராக அவசர சிகிச்சைப் பிரிவு.

கையில் உள்ள பணம் ஒரே ஒரு ஸ்கேனுக்குத்தான் வரும் என்றால் அதில் முதல் சில நூறு ரூபாயை எடுத்து உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனை செய்யச் சொல்வேன். ஒவ்வொருவருக்கும் இதே கோளாறு இருக்க ஐம்பது சதவீத வாய்ப்பு. வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும் என்றுகூட இப்போது கட்டாயமில்லை. இத்தகைய குடும்பத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயதிலிருந்தே பார்க்கலாம். ஸ்டாடின் எட்டு முதல் பத்து வயதில் தொடங்கப்படுகிறது. நெதர்லாந்தில் அப்படிச் சிறுவயதிலேயே தொடங்கப்பட்ட 214 பிள்ளைகளை இருபது ஆண்டு கழித்துத் தேடிப் பார்த்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். 39 வயதை எட்டும்போது அவர்களில் இதயநோய் கண்டவர்கள் ஒரு சதவீதம். ஸ்டாடின் தாமதமாகவே கிடைத்த தலைமுறையைச் சேர்ந்த, அதே கோளாறுள்ள அவர்களுடைய பெற்றோரில், அதே வயதில் 26 சதவீதம்.